வாசகர் கேள்வி பதில்: போர் நடக்கும் இடத்தில் பொதுமக்களுக்கு என்ன காப்பு?

போரில் காயமுற்றோர், கைதிகள், பொதுமக்கள் ஆகியோரைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சமவாயங்கள் நான்கையும் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளிவந்தது. அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "இதெல்லாம் வடக்கு கிழக்குக்கு, மலைநாட்டுக்கு என்ன சம்பந்தம்?" என்ற தொனியில் இருந்தன. மீதிக் கடிதங்களில் இருந்த கேள்விகளே அதற்குப் பதிலாகவும் அமைந்துவிட்டன. எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

*1983 ஜூலையில் பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். அது ஜெனீவா சமவாயத்தை மீறிய போர்க்குற்றம் ஆகுமா?*
— ஆசிரியப் பயிலுநர், ஹாலிஎல

ஆகாது. அதற்காக அது குற்றமே இல்லை என்று வாசித்துவிடாதீர்கள். போர்ச் சட்டம் என்பது ஆயுதப் போர் ஒன்று நடக்கும்போது மட்டும் கண் திறக்கும் சட்டம். ஒரு நாட்டுக்குள் நடக்கும் வன்முறை எப்போது போர் ஆகிறது? முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் 1995இல் தாடிச் வழக்கில் சொன்ன அளவுகோலைத்தான் இன்று எல்லோரும் பிடிக்கிறார்கள். அரசுக்கும் ஒழுங்கமைந்த ஆயுதக் குழுவுக்கும் இடையே, அல்லது அத்தகைய குழுக்களுக்கு இடையே, நீடித்த ஆயுத வன்முறை இருக்க வேண்டும். இதில் பார்க்க வேண்டியவை இரண்டு: மோதல் எவ்வளவு கடுமை, குழு எவ்வளவு ஒழுங்கு. கலவரம், அங்கொன்றும் இங்கொன்றுமான தாக்குதல் ஆகியவற்றை ஜெனீவா சமவாயங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட இரண்டு மேலதிக நெறிமுறைகளில், உள்நாட்டுப் போருக்கான இரண்டாவது பெயர் சொல்லியே வெளியே நிறுத்துகிறது.

ஆகவே பதுளையில் கடை எரித்தவர்மீது பாய வேண்டியது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை: கொலை, தீவைப்பு, கொள்ளை. பார்த்துக்கொண்டு நின்ற அரசின்மீது பாய வேண்டியது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை. இலங்கை அதில் 1980இலேயே சேர்ந்துவிட்டது; அவசரகால நிலையைக் காட்டி உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்க அதில் இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1977, 1983 கலவரங்களுக்கு அஞ்சித் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள், அங்கே போய்ச் சேர்ந்தபின் போருக்குள் அகப்பட்டன. தோட்டத்தில் இருந்தவரை அவர்களுக்குப் பொருந்தாதிருந்த நான்கு சமவாயங்களின் பொதுவான 3ஆம் உறுப்புரை, அங்கே பொருந்தியது. உள்நாட்டுப் போரில் அரசையும் ஆயுதக் குழுவையும் ஒருசேரக் கட்டுவது அந்த உறுப்புரைதான்.

பிந்துனுவெவயையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே இருந்த அந்தப் புனர்வாழ்வு முகாமில், தடுத்து வைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் ஒன்று அடித்தும் வெட்டியும் கொன்றது. கும்பல் செய்த செயல் என்பதால் இதுவும் 1983போலத் தோன்றும். ஆனால் அவர்கள் போரை முன்னிட்டு அரசின் காவலில் இருந்தவர்கள். அப்படிக் காவலில் இருப்பவரை மனிதத்தன்மையோடு நடத்தும் கடமையை 3ஆம் உறுப்புரை அரசின் தலையில் வைக்கிறது. 2003இல் மேல் நீதிமன்றம் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சட்டம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. அது நிறைவேறியதா என்பது வேறு கேள்வி.

*எங்கள் வீடு கொத்மலை அணைக்குக் கீழே. போர் வந்தால் அணைக்கட்டைக் குண்டு வைத்து உடைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?*
— வாசகி, கம்பளை

கொத்மலை அணையின் உயரம் 87 மீற்றர். நீர்த்தேக்கம் நிறைந்தால் சுமார் 17 கோடி கன மீற்றர் தண்ணீர். விக்டோரியா 122 மீற்றர், கொள்ளளவு 72 கோடிக்கும் மேல். மஸ்கெலியா பக்கத்து மவுஸ்ஸாகலையும் காசல்ரீயும் களனி கங்கையின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. மலைநாட்டில் இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது.

முதலாம் மேலதிக நெறிமுறையின் 56ஆம் உறுப்புரை அணைக்கட்டு, வெள்ளத் தடுப்புக் கட்டு, அணுமின் நிலையம் ஆகிய மூன்றையும் "ஆபத்தான சக்திகளை அடக்கி வைத்திருக்கும் கட்டுமானங்கள்" என்று தனியே பிரிக்கிறது. ஓர் அணை இராணுவ இலக்காகவே ஆகிவிட்டாலும்கூட, உடைத்தால் வெள்ளம் பாய்ந்து மக்கள் பெருமளவில் மடிவார்கள் என்றால் அதைத் தாக்கக் கூடாது. விதிவிலக்கு உண்டு, ஆனால் வாசல் மிகக் குறுகியது. அணை தன் வழக்கமான வேலைக்குப் புறம்பாகப் பயன்பட வேண்டும். அந்தப் பயன்பாடு இராணுவ நடவடிக்கைக்கு ஒழுங்கான, கணிசமான, நேரடியான உதவியாக இருக்க வேண்டும். அதை நிறுத்த வேறு வழியே இல்லாதிருக்க வேண்டும். மூன்றும் ஒருசேர இருந்தால்தான் கதவு திறக்கும். அணையைக் காக்கும் காவலரணும் துப்பாக்கியும் அதன் பாதுகாப்பைக் கெடுக்காது. அணையின்மேல் பீரங்கியை ஏற்றி எதிரியைச் சுட்டால் கெடுக்கும்.

இப்படிப்பட்ட கட்டுமானத்துக்கு ஒரு சின்னமும் இருக்கிறது: ஒரே கோட்டில் மூன்று பளிச்சென்ற செம்மஞ்சள் வட்டங்கள், மூன்றும் ஒரே அளவு, இரண்டு வட்டங்களுக்கு இடைவெளி ஒரு வட்டத்தின் அரைவிட்டம். சின்னம் இல்லை என்பதைக் காட்டித் தாக்கியவர் தப்ப முடியாது. அதையும் அதே உறுப்புரை சொல்கிறது.

இனிக் கசப்பான பகுதி. இலங்கை முதலாம் நெறிமுறையிலும் சேரவில்லை, இரண்டாம் நெறிமுறையிலும் சேரவில்லை. எனவே 56ஆம் உறுப்புரை ஒப்பந்தமாக இலங்கையைக் கட்டாது. கட்டுவது வழக்காற்றுச் சட்டம், அதாவது நாடுகளின் பொதுவான நடைமுறையால் உருவாகி, ஒப்பந்தத்தில் சேராதவரையும் கட்டும் சட்டம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2005இல் வெளியிட்ட 161 விதிகளின் தொகுப்பில் 42ஆம் விதி, அணைகளைத் தாக்கும் விடயத்தில் "விசேட கவனம்" வேண்டும் என்கிறது. முழுத் தடை என்று சொல்லாமல் கவனம் என்று சொல்லி நிறுத்துகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் கம்பளை நகரத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1943 மே மாதம் பிரித்தானிய விமானங்கள் ஜேர்மனியின் மோனே அணையை உடைத்தன. கீழே செத்தவர்களில் கணிசமானோர், கட்டாய வேலைக்கென்று பிடித்து வரப்பட்டு முகாமில் அடைபட்டிருந்த சோவியத் பெண்கள். 56ஆம் உறுப்புரைக்குப் பின்னால் அப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன. 2023 ஜூன் 6 அன்று உக்ரைனில் ககோவ்கா அணை உடைந்தபோது, போரிடும் இரு நாடுகளுமே அந்த நெறிமுறையின் உறுப்பினர்கள்.

அணையை உடைப்பதுபோலவே தண்ணீரை மறிப்பதும் சட்டத்தின் பார்வைக்குள் வரும். 2006 ஜூலையில் திருகோணமலைப் பக்கத்து மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது வயலுக்கும் குடிக்கவும் நீர் இல்லாமல் போனது. உயிர்வாழ இன்றியமையாத குடிநீர், பயிர், நீர்ப்பாசன வாய்க்கால் ஆகியவற்றைத் தாக்குவதும் பயனற்றதாக்குவதும் வழக்காற்றுச் சட்டப்படி உள்நாட்டுப் போரிலும் தடை. எந்தத் தரப்பு செய்தாலும்.

*தேயிலைத் தொழிற்சாலைக்குள் இராணுவம் வந்து தங்கிவிட்டால், பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் நாங்களும் இலக்கா?*
— தொழிற்சங்கச் செயற்பாட்டாளர், பொகவந்தலாவை

நீங்கள் ஒருபோதும் இலக்கு அல்ல. தொழிற்சாலை இலக்காகலாம். இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் சட்டமே இருக்கிறது.

கொழுந்து அரைக்கும்வரை தொழிற்சாலை குடிசார் பொருள், அதாவது தாக்கக் கூடாத பொதுமக்கள் சொத்து. அங்கே படை தங்கினால், ஆயுதம் அடுக்கினால் இரண்டு கேள்விகள் எழும். அந்தக் கட்டடம் இராணுவச் செயலுக்கு உண்மையில் கைகொடுக்கிறதா? அதை இன்றைய நிலையில் அழித்தால் திட்டவட்டமான இராணுவ அனுகூலம் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே அது இலக்கு. படை வெளியேறிய மறுநாள் பழையபடி குடிசார் பொருள். நேற்று இருந்தார்கள் என்பதற்காக இன்று அடிக்க முடியாது.

இலக்கு என்று முடிவானாலும் உடனே குண்டு போட்டுவிட முடியாது. தளபதி எடைபோட வேண்டும்: எதிர்பார்க்கும் இராணுவ அனுகூலம் ஒரு தட்டில், எதிர்பார்க்கக்கூடிய பொதுமக்கள் சேதம் மறு தட்டில். உதாரணத்துக்கு, தொழிற்சாலையில் தங்கியிருப்பது பத்துச் சிப்பாய்கள். நாற்பது மீற்றரில் இரண்டு லயங்கள், இருபது காம்பராக்கள் (அறைகள்), பகலில் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) குழந்தைகள். கனரகக் குண்டு ஒன்று மிகையான சேதம் என்ற பக்கம் சாயும். அதே தாக்குதலைச் சிறிய ஆயுதத்தால், லயத்தார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரத்தில், முன்னெச்சரிக்கை கொடுத்துச் செய்ய முடியுமானால், அப்படித்தான் செய்ய வேண்டும். ஆயுதம், நேரம், கோணம், எச்சரிக்கை ஆகிய ஒவ்வொன்றிலும் சேதம் குறைந்த வழியைத் தேடுவது கடமை. இந்தக் கணக்கைப் பின்னர் ஒரு நீதிமன்றம் பார்க்கும்போது, எத்தனை பேர் செத்தார்கள் என்பதோடு நிற்காமல், தாக்கும் நேரத்தில் தளபதிக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும்.

எச்சரிக்கை பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "போகச் சொன்னோம், போகாதவர்கள் தங்கள் பொறுப்பு" என்பார்கள். படுத்த கிழவியும் பிள்ளைத்தாய்ச்சியும் போக முடியாமல் இருக்கலாம். போக மனமில்லாதவரும் இருக்கலாம். எச்சரித்தபின் தங்கியவரும் பொதுமக்களே, அவரையும் தராசில் வைத்தே ஆக வேண்டும்.

மறுபக்கக் கடமையையும் மறக்கக் கூடாது. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் படையைக் கொண்டுவந்து வைப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டியது உங்கள் பக்கத்துப் படையின் கடமை. மக்களை வேண்டுமென்றே மறைப்பாக வைத்தால் அது மனிதக் கேடயம், முழுத் தடை. ஆனால் ஒருவர் கேடயமாக வைத்தார் என்பதால் மற்றவருக்குத் தராசு இல்லாமல் போகாது.

*வந்து கேட்ட போராளிக்குச் சோறு போட்டவர், காசு கொடுத்தவர், செய்தி சொன்னவர் எல்லோரும் போராளிகள்தானா?*
— இளைஞர், புசல்லாவை

பொதுமகன் ஒருவர் "நேரடியாகச் சண்டையில் பங்கெடுக்கும் நேரத்துக்கு மட்டும்" பாதுகாப்பை இழக்கிறார். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2009இல் தந்த வழிகாட்டல் மூன்று சோதனைகளை வைக்கிறது: செயல் எதிரிக்குப் போதிய அளவு தீங்கு செய்யக்கூடியதா, அந்தத் தீங்கு இச்செயலிலிருந்தே நேரே விளைகிறதா, ஒரு தரப்புக்குச் சாதகமாகவே செய்யப்பட்டதா.

இதில் வைத்துப் பாருங்கள். சோறு, தேநீர், வரி என்று வசூலித்த காசு, சீருடை தைப்பு: இவை போரைத் தாங்கும் செயல்கள், நேரே தீங்கு விளைவிப்பவை அல்ல, பாதுகாப்பு போகாது. கண்ணிவெடி புதைப்பது, "வாகனம் வளைவுக்கு வந்துவிட்டது" என்று தாக்கும் அணிக்குப் போனில் சொல்வது, முன்னரங்குக்குத் தோட்டா சுமப்பது: அந்த நேரத்துக்குப் பாதுகாப்பு போய்விடும். உதவி செய்தவரை நாட்டின் சட்டப்படி கைது செய்யலாம், வழக்குப் போடலாம். சுட முடியாது. இந்த வித்தியாசத்தைச் சாவடியில் நின்ற எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஐயம் இருந்தால்? பொதுமகன் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை பிடிபட்டவரின் தலையில் இல்லை.

*பிரஜாவுரிமை இல்லாதவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா?*
— ஓய்வுபெற்ற அதிபர், தலவாக்கலை

உண்டு. மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்த குடியுரிமை, கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பலருக்குத் திரும்பியது. இடைப்பட்ட போர் ஆண்டுகளில் கையில் அடையாள அட்டை இல்லாமல் வன்னியில் இருந்தவருக்கும் 3ஆம் உறுப்புரை அப்படியே பொருந்தியது. அது யாருடைய தேசியத்தையும் கேட்பதில்லை.

*எங்கள் தோட்ட லொறியில் நோயாளிகளை ஏற்றுவதால் சிவப்புச் சிலுவை வரைந்திருக்கிறோம். யாரோ சட்டவிரோதம் என்கிறார்கள். உண்மையா?*
— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், மடுல்சீமை

உண்மை. அழித்துவிடுங்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை மருத்துவத்தின் பொதுச் சின்னம் அல்ல. போர்க்காலத்தில் "சுடாதே" என்று சொல்லும் சின்னம். முதலாம் ஜெனீவா சமவாயத்தின் 53ஆம் உறுப்புரை தனியாரும் நிறுவனங்களும் அதை எக்காலத்திலும் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மருந்துக்கடைப் பலகை, ஓட்டோவின் முதலுதவிப் பெட்டி, பாடசாலை விளையாட்டுப் போட்டிக் கூடாரம் எல்லாமே தவறுதான்.

ஒரு விதிவிலக்கு 44ஆம் உறுப்புரையில் இருக்கிறது: சமாதான காலத்தில், நோயாளிகளுக்கு முற்றிலும் இலவசமாகச் சேவை செய்யும் அம்பியூலன்ஸ், அதுவும் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெளிப்படையான அனுமதியோடு. உங்கள் லொறி காலையில் நோயாளி, மாலையில் கொழுந்துச் சாக்கு என்றால் அதற்குள் வராது. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை வரையுங்கள். முதலுதவிக்கு உலகம் முழுதும் அதுதான் குறி.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? சின்னத்தைப் பார்த்தால் நம்ப வேண்டும். நம்பிக்கை உடைந்தால் அடுத்த உண்மையான அம்பியூலன்ஸ் சுடப்படும். 2008இல் கொலம்பியா இராணுவம் பணயக் கைதிகளை மீட்ட நடவடிக்கையில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னத்தை அணிந்திருந்தார். ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் அந்நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

*மகள் லெபனானில் வீட்டு வேலை. சண்டை வந்தபோது வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று சில பிள்ளைகள் சொன்னார்களாம். அவளுக்கு எந்தச் சட்டம் உதவும்?*
— தாய், லிந்துலை

அம்மா, இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குண்டு போடும் தரப்புக்கு உங்கள் மகள் பொதுமகள். மேலே சொன்ன தராசு அவளுக்கும் அப்படியே. போர் நடக்கும் நாட்டை விட்டு வெளியேறும் உரிமையை 4ஆம் சமவாயத்தின் 35ஆம் உறுப்புரை வெளிநாட்டவருக்குத் தருகிறது. ஆனால் அதே சமவாயத்தின் 4ஆம் உறுப்புரை, வழமையான தூதரக உறவு உள்ள நடுநிலை நாட்டவரை, இந்த உரிமை பெறும் "பாதுகாக்கப்பட்டவர்" என்ற பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. "தூதரகம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்பது 1949இல் எழுதியவர்களின் கணக்கு. வீட்டுக்குள் பூட்டப்பட்ட பணிப்பெண்ணைத் தூதரகத்துக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. கதவைப் பூட்டுவதும் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும் போர்ச் சட்டத்துக்குள் வராது. அவை கட்டாய உழைப்பின் அடையாளங்கள், தொழில் சட்டமும் குற்றவியல் சட்டமும் பார்க்க வேண்டியவை.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியது: கடவுச்சீட்டின் படப் பக்கம், விசா, ஒப்பந்தம், வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு ஆகியவற்றின் படங்கள் உங்கள் போனில் இருக்கட்டும். வீட்டுக்காரரின் முழுப்பெயர், தொலைபேசி, ஊர், கட்டடம், எத்தனையாவது மாடி என்பதை எழுதி வையுங்கள். "பெய்ரூத்" என்று மட்டும் சொன்னால் யாராலும் தேட முடியாது. இங்குள்ள முகவர், அங்குள்ள முகவர் இருவரின் விவரமும் வேண்டும். மகளின் தொடர்பு அறுந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் போனை வைக்காதீர்கள். கடவுச்சீட்டு கையில் இல்லாவிட்டாலும் தூதரகம் தற்காலிகப் பயண ஆவணம் கொடுக்கலாம். அதற்கும் அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

தாள்கள் பணமாகவும் மாறியிருக்கின்றன. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது வெளியேறியவர்களுக்கு ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழு ஆளுக்கு 2,500 டொலர், வேறு பிரிவில் கோர மாட்டேன் என்றவர்களுக்கு 4,000 டொலர் கொடுத்தது. இலங்கைப் பணிப்பெண்களுக்கும் அது கிடைத்தது. அங்கே இருந்ததையும் வெளியேறியதையும் காட்ட வேண்டியிருந்தது.

*அண்ணன் 1984இல் தோட்டத்திலிருந்து கிளிநொச்சி போனார். 2009க்குப் பிறகு தகவல் இல்லை. எங்கே, எப்படித் தேடுவது?*
— தங்கை, இராகலை

காணாமல் போனவருக்கு என்ன ஆனது என்று அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. தரப்புகள் தேடித் தகவல் தர வேண்டும் என்பது வழக்காற்று விதி. நடைமுறையில் இரண்டு கதவுகள். ஒன்று, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். வடக்கு கிழக்குக்கு மட்டும்தான் என்று நினைத்து மலைநாட்டுக் குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. தவறு. போரோடு தொடர்பானது மட்டுமல்ல, அரசியல் குழப்பம், குடியியல் கலவரம், வலிந்து காணாமல் ஆக்கப்படல் எல்லாமே அதன் வரம்புக்குள். மற்றது செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளை வழியான குடும்பத் தொடர்புச் சேவை, இலவசம். ஆள் கிடைத்தாலும் அவர் சம்மதித்தால்தான் முகவரியைத் தருவார்கள்.

அதிகம் சறுக்கும் இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டப் பதிவேட்டில் கணக்கப்புள்ளை ஆங்கிலத்தில் எழுதிய வேறு எழுத்து, வன்னியில் கூப்பிட்டது மூன்றாவது. எல்லாவற்றையும் எழுதுங்கள், எழுத்துக்கூட்டல் மாறினால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக. தந்தை பெயரை முழுமையாக, முதலெழுத்தாக அல்ல. பிறந்த தோட்டமும் டிவிசனும், கிளிநொச்சியில் இருந்த கிராமமும் கிராம அலுவலர் பிரிவும், கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எந்த மாதம், பழைய எலும்பு முறிவு, பல் இல்லாத இடம், தழும்பு. கடைசி மூன்றும் கேட்கச் சங்கடமானவை. எச்சம் ஒன்று கிடைத்தால் அடையாளம் சொல்பவை அவைதான்.

அண்ணனின் காணியோ வங்கிக் கணக்கோ தொங்கிக் கிடந்தால், இறப்புச் சான்றிதழ் எடுக்கும்படி வற்புறுத்துவார்கள். எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின்படி காணாமல் போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே பிள்ளைகளின் பாதுகாவலையும் சொத்தையும் உதவிப்பணத்தையும் அதை வைத்துக் கையாளலாம். விண்ணப்பம் எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.